பதினோராவது பொருத்தம்

"தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை" என்பது நம் முன்னோர் வாக்கு. தறியிலே இட்ட நூல் எத்தகையதோ அத்தகையதே சேலையும் என்பதை எவரும் மறுக்கார். ஆயின் பிள்ளை அவ்வளவு எளிதில் கணக்கிற்குள் அடங்குவதில்லை. ஒரே தாய் வயிற்றிற் பிறந்த ஐவருள் ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை. ஒருத்திக்குத் தந்தையின் மூக்கு, மற்றொருத்திக்குப் பாட்டியின் கண். சில குடும்பங்களில் நோயறியாத பெற்றோருக்கு நோயோடு ஒரு குழந்தை பிறந்துவிடுகின்றது. அப்போது ஊர் விதியைப் பழிக்கும். சில வேளைகளில் பெற்ற தாயைப் பழிக்கும். விதியையும் தாயையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன், இயற்கை தன் சேலையை நெய்யும் முறையைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது நம் கடன்.

தேயிலை மலை கற்பிக்கும் பாடம்

ஊவா மலைநாட்டில் வாழும் நமக்கு இப்பாடத்தைக் கற்க நுண்ணோக்கி வேண்டியதில்லை. பசறையிலோ பண்டாரவளையிலோ ஒரு மலைச்சரிவை உற்று நோக்கினால் போதும். பழைய விதைத் தேயிலை நிற்கும் மலையிலே ஒரு செடிக்கு அகன்ற இலை, அடுத்ததற்குக் குறுகிய இலை; ஒன்று விரைந்து கொழுந்து விடும், மற்றொன்று சோம்பி நிற்கும். அதற்கு எதிர்ச்சரிவில் 'வி.பி.' தேயிலை நட்ட மலையோ அச்சில் வார்த்தாற்போல் ஒரே நிறமும் ஒரே உயரமுமாய்க் காட்சி தரும். மண்ணும் மழையும் ஒன்றாயிருக்க, இவ்வேறுபாடு எங்ஙனம் வந்தது?

'வி.பி.' தேயிலை விதையிலிருந்து முளைத்ததன்று. தேர்ந்தெடுத்த ஒரு தாய்ச்செடியின் கிளையிலிருந்து ஓர் இலையும் அதனோடு ஒட்டிய சிறு தண்டுத் துண்டுமாக வெட்டி, நாற்றுமேடையில் வேர்விடச் செய்து, பின் மலையில் நடப்பட்டது. 1925ஆம் ஆண்டில் தோன்றி, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இம்முறையை நம் நாட்டிற் பரப்பியது. அதன் பிராந்திய நிலையம் ஒன்று நம் பசறையிலும் உண்டு. ரீ.ஆர்.ஐ. 2025 போன்ற எண்பெயர்களால் அழைக்கப்படும் இனங்கள் இவ்வாறு பெருகியவையே. ஓர் இனத்தைச் சேர்ந்த செடிகள் கோடியாயினும், அவை அனைத்தும் உண்மையில் ஒரே செடியின் தொடர்ச்சியாகும்.

உயிருள்ள பொருள் யாவும் கலங்களால் ஆனவை. கலத்தின் நடுவே கரு உளது. கருவினுள்ளே நிறமூர்த்தங்கள் எனப்படும் இழைகள் உள. தேயிலைக் கலத்தில் இவை 30. மனிதக் கலத்தில் 46. தண்டுத் துண்டு வேர்விட்டு வளரும்போது ஒரு கலம் இரண்டாகவும் இரண்டு நான்காகவும் பிரிகின்றன. பிரியுமுன் ஒவ்வொரு நிறமூர்த்தமும் தன்னைப் போல் மற்றொன்றை ஆக்கிக்கொள்கின்றது. பின்னர் இரு பிரதிகளும் எதிர் முனைகளுக்கு இழுக்கப்பட்டு, புதிய கலம் ஒவ்வொன்றும் முழு முப்பதையும் பெற்றுவிடுகின்றது. இதுவே இழையுருப்பிரிவு. நம் உடலில் காயம் ஆறுவதும் குழந்தை வளர்வதும் இதே முறையினாலேதான்.

விதை உண்டாகும் முறை வேறு. மகரந்தமும் சூலும் தோன்றுகையில் முப்பது பதினைந்தாகக் குறைகின்றது. இதற்கு ஒடுக்கற்பிரிவு என்று பெயர். சோடி சோடியாய் நிற்கும் நிறமூர்த்தங்களில் ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்றே செல்லும். எது செல்லும் என்பது திருவுளச் சீட்டுப் போன்றது. தந்தைச் செடியின் பதினைந்தும் தாய்ச் செடியின் பதினைந்தும் கூடும்போது மீண்டும் முப்பதாகின்றது. ஆனால் முன்னில்லாத புதிய சேர்க்கையாகின்றது. மனிதரிடத்து இருபத்து மூன்று சோடிகள் உண்டு. அவற்றைப் பிரித்தெடுக்கும் வகைகள் மட்டும் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்டவை. உடன்பிறந்தார் ஒருவரையொருவர் ஒத்தும் ஒவ்வாமலும் இருப்பதன் மருமம் இதுவே. 'வி.பி.' மலை முதற் பிரிவின் பயன். விதைத் தேயிலை மலை இரண்டாம் பிரிவின் பயன். நம் குடும்பங்களோ விதைத் தேயிலையைப் போன்றவை.

மறைந்திருக்கும் செய்தி

சோடியாய் நிற்பதில் ஒரு நன்மை உண்டு. நிறமூர்த்தங்களில் வரிசையாய் அமைந்த பரம்பரையலகுகள் ஒவ்வொன்றும் நம்மிடம் இரண்டிரண்டாய் உள. ஒன்று தாய் தந்தது, மற்றொன்று தந்தை தந்தது. அவற்றுள் ஒன்று பழுதாயினும் மற்றது பல வேளைகளில் வேலையை நடத்திவிடும். பழுது வெளியில் தெரியாது, ஆயினும் அழிந்துவிடாது. புருண் நகரத்துத் துறவியான கிரெகர் மென்டல் பட்டாணிச் செடிகளில் பல்லாண்டு ஆராய்ந்து, ஒரு தலைமுறையில் மறைந்த பண்பு அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்றாய் வெளிப்படுவதைக் கண்டு 1865இல் அறிவித்தார். அவர் மறைந்து பதினாறு ஆண்டுகள் கழிந்த பின், 1900ஆம் ஆண்டிலேதான் உலகம் அதனை உணர்ந்தது.

அப்பரம்பரையலகு எதனால் ஆனது என்ற வினாவுக்கு 1953இல் விடை தெளிந்தது. டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு முறுக்கிய ஏணி போன்ற வடிவினது என்று வாட்சனும் கிரிக்கும் காட்டினர். உரோசலின்ட் பிராங்கிளின் என்ற பெண்மணி எடுத்த ஊடுகதிர்ப் படங்கள் அதற்குத் துணைநின்றன. ஏணியின் படிகள் அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கே நான்கு 'எழுத்துக்களால்' ஆனவை. மூன்று எழுத்துச் சேர்ந்து ஒரு சொல். ஒரு சொல் ஓர் அமினோவமிலத்தைக் குறிக்கும். அமினோவமிலங்கள் கோவையாகிப் புரதமாகும். நம் குருதிக்குச் செந்நிறம் ஊட்டி ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினும் ஒரு புரதமே. அதில் அல்பாச் சங்கிலி இரண்டும் பீற்றாச் சங்கிலி இரண்டும் உள. பீற்றாச் சங்கிலிக்குரிய செய்தி பதினோராவது நிறமூர்த்தத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அச்சங்கிலியின் நீளம் 146 அமினோவமிலங்கள்.

இந்தச் சிறு செய்தியில் ஓரெழுத்துப் பிழைத்தால் என்னாகும்? இருபத்தாறாவது சொல்லின் முதலெழுத்தாகிய குவானின், அடினினாக மாறினால் குளூட்டாமிக் அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் லைசின் வந்தமரும். இதுவே ஈமோகுளோபின் 'ஈ' என்னும் வகை. வேறு சில இடங்களில் எழுத்து மாறின், பீற்றாச் சங்கிலி உண்டாவதே குறைந்துபோம், அல்லது முற்றாய் நின்றுபோம். இதனைப் பீற்றாத் தலசீமியா என்பர்.

பழுதான அலகு ஒன்றை மட்டும் உடையவர் நோயாளர் அல்லர். அவர் 'காவி' மாத்திரமே. மலையேறிக் கொழுந்து பறிப்பார், பந்தாடுவார், நூறாண்டும் வாழ்வார். சற்றே வெளிறியிருத்தலன்றி வேறு குறி தோன்றாது. ஆனால் காவி ஒருவர் காவி ஒருவரையே மணப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வருவதற்கும், நான்கில் இரு பங்கு காவியாவதற்கும், நான்கில் ஒரு பங்கு முற்றாய்த் தப்புவதற்கும் வாய்ப்புண்டு. தலசீமியாக் காவியும் ஈமோகுளோபின் 'ஈ' உடையவரும் மணந்தாலும் குழந்தை நோயுறக்கூடும். நம் நாட்டில் இவ்வகை நோயாளரும் பலர்.

இந்நோய் இங்கு வந்த வரலாறு

தீங்கு பயக்கும் இப்பிழை தலைமுறை தலைமுறையாய் ஒழியாமல் நிலைத்ததேன்? இதற்குக் காரணம் மலேரியா என்று ஆல்டேன் என்னும் அறிஞர் 1949இல் கருத்துரைத்தார். பிற்கால ஆராய்ச்சிகள் அதனை வலியுறுத்தியுள்ளன. காவிகளின் குருதியில் மலேரியாக் கிருமி தன் கொடுமையை முழுதும் காட்ட இயலாது. ஆகவே மலேரியா கொன்று குவித்த நாடுகளில் காவிகள் மிகுதியாய்ப் பிழைத்து, அப்பிழையைத் தம் மக்களுக்குக் கையளித்தனர். இலங்கையில் 1934-35 கொள்ளைநோயில் மட்டும் ஏறக்குறைய எண்பதினாயிரம் பேர் மாண்டனர். மலேரியா போய்விட்டது, உலகச் சுகாதார நிறுவனம் 2016இல் நம் நாட்டை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. ஆனால் அந்நாளில் நம்மைக் காத்த கேடயம் இந்நாளில் நம் குழந்தைகளின் கழுத்திற் சுமையாய்த் தொங்குகின்றது.

பாடசாலை மாணவரிடையே நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான நாடளாவிய ஆய்வொன்று, நூற்றுக்கு ஏறக்குறைய 2.2 பேர் பீற்றாத் தலசீமியாக் காவிகள் எனக் கண்டது. அஃதாவது நாற்பத்தைந்து பேருக்கு ஒருவர். சில மாவட்டங்களில் இத்தொகை மேலும் உயர்ந்தது. குருநாகல், அனுராதபுரம், பதுளை ஆகிய இடங்களில் தலசீமியாச் சிகிச்சை நிலையங்கள் அமைந்திருப்பது காரணமின்றியன்று. இப்பிழை தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என வேறுபாடு பார்ப்பதில்லை. நம் முன்னோர் கடல் கடந்து வந்த தென்னிந்தியாவிலும் இஃது உண்டு.

குழந்தை படும் பாடு

நோயுற்ற குழந்தை பிறக்கும்போது நலமாகவே தோன்றும். கருவிலிருந்து கொண்டுவந்த வேறுவகை ஈமோகுளோபின் சில மாதங்கள் தாங்கும். ஆறாம் மாதத்தின் பின் முகம் வெளிறும், பால் குடியாது, வளர்ச்சி குன்றும், மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளும். உயிர் காக்கும் வழி பிறர் குருதி ஏற்றுதல். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுதும் இது நடக்கவேண்டும். ஏற்றும் குருதியோடு வரும் இரும்பு வெளியேற வழியின்றி இருதயத்திலும் ஈரலிலும் படியும். அதை அகற்றாவிடில் குருதியே நஞ்சாகும். அகற்றுவதற்குரிய மருந்தைத் தோலின் கீழே இரவெல்லாம் சிறு பொறியால் செலுத்தவேண்டும், அல்லது மாத்திரையாய் நாள்தோறும் கொடுக்கவேண்டும்.

அரசாங்க மருத்துவமனைகளில் இவை இலவசமாய்க் கிடைக்கின்றன. இது நம் நாட்டின் பெருமை. ஆயினும் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு பதுளைக்கு வரும் தாய்க்கு அன்றைய பேர் விழாது. பஸ் கட்டணம் உண்டு. வீட்டிலே மற்றப் பிள்ளைகள் உண்டு. இவ்வாறு மாதந்தோறும், ஆண்டாண்டாய்! இத்தனைக்கும் மேலாக, "உன் வயிற்றுக் குறை" என்ற சொல்லையும் அவள் தாங்குகின்றாள். மென்டலின் கணக்கை அறிந்தவர் எவரும் அச்சொல்லைச் சொல்லார். தாய் ஒன்றும் தந்தை ஒன்றும் தந்தாலன்றி இந்நோய் வாராது. இருவர்க்கும் பங்கு சமம், இருவரும் குற்றமற்றவர்.

மற்றொரு தவறான எண்ணமும் உண்டு. "நான்கில் ஒன்று நோயுறும் என்றார்கள், முதற்பிள்ளை நோயுற்றது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை" என்பர் சிலர். அது பிழை. சீட்டு ஒவ்வொரு முறையும் புதிதாய்க் குலுக்கப்படுகின்றது. இரண்டாம் பிள்ளைக்கும் மூன்றாம் பிள்ளைக்கும் அதே நான்கில் ஒன்றுதான்.

மணப்பேச்சுக்கு முன்

நம்மவரிடையே மாமன் மகளையும் அத்தை மகளையும் கொள்ளும் வழக்கம் பழையது. உறவு விலகாமை, ஆதரவு, அன்பு என அதற்கு நன்மைகள் பல. அதனைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் கணக்கு ஒன்றுண்டு. மணமகன் காவியாயின், அந்நியப் பெண் ஒருத்தி காவியாயிருக்கும் வாய்ப்பு நாற்பத்தைந்தில் ஒன்று. மாமன் மகளோ அத்தை மகளோ அதே பிழையைப் பெற்றிருக்கும் வாய்ப்பு எட்டில் ஒன்று. ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து அஃது இருவர்க்கும் இறங்கியிருக்கலாம். எனவே உறவில் மணம் முடிப்போர் மற்றவரினும் முன்னதாகச் சோதனை செய்துகொள்ளல் வேண்டும்.

சோதனை கடினமன்று. கையிலிருந்து சிறிது குருதி எடுத்து, செங்குழியங்களின் அளவையும் ஈமோகுளோபின் வகைகளையும் பார்ப்பர். அரச மருத்துவமனைத் தலசீமியா நிலையங்களில் இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஓ, ஏ, பீ என்னும் குருதி வகை பார்ப்பது இச்சோதனையன்று, இரண்டையும் மயக்கலாகாது. காவியென அறிந்தவர் அவ்வறிவை மறைக்கவோ நாணவோ தேவையில்லை. "சோகை" என்று கருதி வைத்திய ஆலோசனையின்றி ஆண்டுக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்குவதிலிருந்தும் அது காக்கும்.

முன்னரே அறிதல் நம் நாட்டில் மேலும் முக்கியமாவதற்கு ஒரு காரணம் உண்டு. கருவிலேயே நோயை அறியும் முறைகள் உலகில் வந்துவிட்டன. ஆனால் நம் சட்டப்படி தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றிக் கருவைக் கலைத்தல் ஆகாது. ஆகவே நல்வழி திருமணத்துக்கு முன்னே திறந்திருக்கின்றது. பின்னர் அது குறுகிவிடுகின்றது. சைப்பிரசு என்னும் சிறு தீவில் இந்நோய் மிகக் கடுமையாய் இருந்தது. அங்கே மணமக்கள் சோதனை செய்துகொண்டு அத்தாட்சி பெறும் வழக்கத்தைச் சமயத் தலைவர்களும் அரசும் ஒன்றுசேர்ந்து நிலைநாட்டினர். இன்று அங்கு நோயோடு பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலரே.

நாம் தினப் பொருத்தம் முதலாகப் பத்துப் பொருத்தம் பார்க்கின்றோம். பெரியோர் வகுத்ததை விடவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. அவற்றோடு இந்தப் பதினோராவது பொருத்தத்தையும் சேர்த்துக்கொள்க என்றே வேண்டுகின்றோம். அதுவும் நிச்சயதார்த்தத்துக்குப் பின்னரன்று. தாம்பூலம் மாற்றிய பின் அறியும் உண்மை இரு குடும்பங்களையும் புண்படுத்தும். பதினெட்டு வயதில், பெண் பார்க்கும் பேச்சே எழாத காலத்தில், இளைஞரும் யுவதியரும் தத்தம் குருதியின் நிலையை அறிந்து வைத்திருப்பின் எவர் மனமும் நோகாது. பாடசாலை ஆசிரியர்களும் கோயில் பரிபாலன சபையினரும் தோட்டத்துத் தலைவர்களும் குடும்பநல உத்தியோகத்தரும் இதனை எடுத்துச் சொல்லலாம். ஒருநாட் காலைப் பொழுதும் சிறிதளவு குருதியும் செலவிட்டால், ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுதையும் காக்கலாம்.