நின்று கெட்ட லாரிகள்

அமெரிக்க ராணுவத்தின் எம்35 லாரி பிறந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. சாலை இல்லாத இடத்திலும் இரண்டரை டன் சுமக்கும். பத்துச் சக்கரங்களையும் என்ஜின் இழுக்கும். கொரியப் போர்க் காலத்தில் சேவைக்கு வந்து, வியட்நாமில் உழைத்து, பிறகு ஏலத்தில் விவசாயிகளிடமும் காட்டுத் தீயணைப்புப் படைகளிடமும் பழைய வண்டிப் பிரியர்களிடமும் போய்ச் சேர்ந்தது. அப்படி வாங்கப்பட்ட வண்டிகளில் பல அதிக தூரம் ஓடாதவை. ஆனாலும் கிளம்ப மறுக்கும். காரணம், இவற்றில் ஓடித் தேய்ந்த பாகங்களைவிட நின்று கெட்ட பாகங்களே அதிகம். பல ஆண்டுகள் கொட்டகையில் கிடக்கும் லாரிக்குள் ஈரமும் காற்றும் ஓயாமல் வேலை பார்க்கின்றன.

பழுது பார்க்கும் முறையை ராணுவக் கையேடே வகுத்துத் தந்திருக்கிறது. என்ன கோளாறு, எதைச் சோதிப்பது, என்ன செய்வது என்று மூன்று படிகள். எளிய சோதனை முதலில், என்ஜினைப் பிரிப்பது கடைசியில்.

முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல். இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜிஎம்சி லாரிகளில் 6 வோல்ட் இணைப்பு இருந்தது. எம்35-இல் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் ஆக்கினார்கள். வோல்ட் கூடினால் அதே வேலைக்குக் குறைந்த ஆம்பியர் போதும். ஆனாலும் செல்ஃப் மோட்டார் சுழலும்போது பாயும் மின்னோட்டம் சாதாரணமானதல்ல. 400 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். எர்த் கேபிள் சட்டத்தைத் தொடும் இடத்தில் துருவேறி, ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை சேர்ந்தாலே 4 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். புது பேட்டரி போட்டும் செல்ஃப் முனகுவது இதனால்தான். வோல்ட் மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை என்ஜின் உடம்பிலும் வைத்து ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் குட்டு வெளிப்படும். முள் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். ஏறினால், கேபிள் முனையைச் சுரண்டி பளபளப்பாக்க வேண்டும்.

இன்னொரு தவறும் பரவலாக நடக்கிறது. ரேடியோவுக்காக ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுப்பார்கள். அந்த பேட்டரி எப்போதும் அரைப் பட்டினியில் கிடக்கும். மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும். கடைசியில் இரண்டுமே கெட்டுப்போகும்.

அடுத்தது எரிபொருள். எம்35ஏ2 ரகத்தில் இருப்பது 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர் என்ஜின். ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் சீக்ஃப்ரீட் மொய்ரர் உருவாக்கிய முறை இதன் அடிப்படை. பிஸ்டன் தலையிலுள்ள உருண்டைக் குழியின் சுவரில் எரிபொருளை மெல்லிய படலமாகப் படியவைத்து, சுழலும் காற்றில் ஆவியாக்கி எரிப்பார்கள். அதனால் டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாமே இதற்குச் சரிப்படும். அவசரத்துக்குப் பெட்ரோலும் ஊற்றலாம்.

எதையும் குடிக்கும் இந்த என்ஜினால் தண்ணீரை மட்டும் தாங்க முடியாது. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் வியர்த்து அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் பெருகி, கறுப்புக் கசடாகி பில்டரை அடைக்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் நிலை இன்னும் மோசம். அதன் பிளஞ்சருக்கும் துளைக்கும் உள்ள இடைவெளி மைக்ரான் கணக்கில்தான். லேசான துரு படிந்தாலே பிளஞ்சர் இறுகிவிடும்.

எனவே சுவிட்சைப் போட்டதும் மெக்கானிக் முதலில் காது கொடுப்பது டேங்குக்குத்தான். உள்ளே மின்சார பம்ப் ரீங்காரமிட வேண்டும். சத்தம் வந்தால் பில்டர் தலையிலுள்ள திருகைத் தளர்த்தி ஏர் எடுப்பார். முதலில் நுரை, பிறகு விட்டுவிட்டுக் குமிழி, கடைசியில் குமிழியில்லாத தாரை. அதன்பின் திருகை இறுக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

என்ஜின் உறுமியதுமே சாலைக்குக் கிளம்புவது ஆபத்து. எம்35ஏ2-வில் பிரேக் ஆயில் ஒரே சுற்றில் ஓடுகிறது. காற்றழுத்தம் அதற்கு உந்துதல் மட்டுமே தருகிறது. ஒரு குழாய் வெடித்தால் எல்லாச் சக்கரங்களின் பிரேக்கும் ஒன்றாகப் போய்விடும். பழைய கிளைக்கால் வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வீல் சிலிண்டரை உள்ளிருந்தே அரிக்கும். இதைத் தவிர்க்கத்தான் அமெரிக்க ராணுவம் பின்னாளில் சிலிக்கோன் ஆயிலுக்கு மாறியது. இரண்டையும் கலப்பது கூடாது.

பிரேக் பெடலே பாதி உண்மையைச் சொல்லிவிடும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் ஏர் இருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால், வெளியே ஒழுகாத பட்சத்தில், மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் உள்ளுக்குள் கசிகிறது. கல்லாக நின்று வண்டி மட்டும் நிற்காவிட்டால் காற்று உந்துதல் வேலை செய்யவில்லை.

சக்கரம் கழற்றும்போதும் கவனம் வேண்டும். இடப்பக்க வீல் நட்டுகளின் மரை வழக்கத்துக்கு நேரெதிர். சக்கரம் சுழலச் சுழல நட்டு தளராமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஸ்டட் முனையில் எல் என்ற எழுத்து பொறித்திருக்கும். அதைப் பார்க்காமல் நீளக் குழாய் மாட்டித் திருகினால் நட்டு மேலும் இறுகி ஸ்டட் முறியும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, ஆளில்லாத சமதளச் சாலையில் சில மைல் மெதுவாக ஓட்டி, பலமுறை பிரேக் பிடித்து நிறுத்தி, ஆறு ஹப்களையும் ஒவ்வொன்றாகப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்கள். ஒன்று மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஷூ உரசுகிறது, அல்லது பேரிங் காய்ந்திருக்கிறது. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த வீல் சிலிண்டர் இன்னும் இறுகியே இருக்கிறது. டிரம்மைக் கழற்றி அதை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.