வாலுக்கு வரியா?

கோட்டைக்குச் சுற்றுலா என்றதும் செஞ்சிக்கும் வேலூருக்கும் பஸ் தேடாதீர்கள், குட்டீஸ்! ராயபுரம் பிள்ளைகள் நடந்தே போகலாம். பழைய ஜெயில் ரோட்டுப் பக்கம் 'மாடிப்பூங்கா' இருக்கிறதே, அது முன்பு கோட்டை மதில்! சும்மா பார்த்தால் வெறும் மேடுதான். டீச்சரைக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டார். ஆங்கிலேயர்கள் கோட்டைக்குள் பத்திரமாக இருந்தார்கள். வெளியே கருப்பர் நகரத்தில் இருந்த நம் மக்கள்? பாவம், பிரெஞ்சு வீரர்கள் புகுந்து கொள்ளையடித்தார்கள். 1769-ல் ஹைதர் அலியின் குதிரைப்படையும் சென்னை வாசல் வரை வந்துவிட்டது. கம்பெனிக்கு உதறல்! பால் பென்ஃபீல்டு என்பவர் ஊருக்கு வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பினார். கிழக்கேதான் கடல் இருக்கிறதே!

கட்டிய செலவை மக்களிடமே வரியாகக் கறக்க நினைத்தது கம்பெனி. வசூலாகவில்லை. பெயர் மட்டும் மேற்கு மதிலோரச் சாலையில் ஒட்டிக்கொண்டது: வால்டாக்ஸ் ரோடு. 'வால்' என்றால் ஆங்கிலத்தில் சுவர். வாலுப் பசங்களுக்கு வரி போட்டிருந்தால் கொட்டியிருக்கும்!

மதிலில் பெரும்பகுதி பின்னாளில் இடிக்கப்பட்டது. தப்பிப் பிழைத்த துண்டுதான் மாடிப்பூங்கா. தொட்டுப் பாருங்கள், பெயர் மட்டும் கிறுக்காதீர்கள். அப்படியே மேற்கே நடந்தால், வரி கட்டாத அந்த ரோடும் வந்துவிடும்.