ஊக்கமருந்துத் தடுப்பு: விளையாட்டு வீரர், பயிற்சியாளர், மருத்துவர் ஆகியோரின் பொறுப்புகள்

வெற்றி பெறும் நோக்குடன் அறிந்தே மருந்து உட்கொள்வது மட்டுமே ஊக்கமருந்துக் குற்றம் எனப் பலரும் கருதுகின்றனர். விதிகள் அவ்வாறு கூறவில்லை. இருமலுக்கு வாங்கிய மருந்து, சோர்வுக்காக ஏற்றிய குளுக்கோஸ், உடற்பயிற்சிக்கூடத்தில் கிடைத்த புரதப் பொடி ஆகியவையும் ஒருவரது விளையாட்டு வாழ்வைப் பல ஆண்டுகளுக்கு நிறுத்திவிடக்கூடும். வந்தவாசி, ஆரணி வட்டாரங்களில் நெசவு, பாய் முடைதல், வேளாண்மை ஆகிய தொழில்களைச் சார்ந்த குடும்பங்களிலிருந்து கபடிக்கும் தடகளத்திற்கும் வரும் இளைஞர்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் கல்லூரி இடத்தையும் அரசுப் பணியையும் நம்பியுள்ளனர். ஆகவே, இவ்விதிகளை வீரர்கள் மட்டுமின்றி அவர்களுடைய பெற்றோரும் பயிற்சியாளரும் அறிந்திருத்தல் அவசியம்.

விதிகளை வகுப்போர்

1999-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட உலக ஊக்கமருந்து தடுப்பு முகமை, தடை செய்யப்பட்ட பொருள்கள், முறைகள் ஆகியவற்றின் பட்டியலை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. ஒவ்வொரு புதிய பட்டியலும் ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. இந்தியாவில் இப்பணியை மேற்கொள்ளும் தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை 2005-இல் அமைக்கப்பட்டது. தேசிய ஊக்கமருந்து தடுப்புச் சட்டம், 2022 அதற்குச் சட்ட அதிகாரம் அளித்துள்ளது.

வீரரின் பொறுப்பு

தமது உடலில் சேரும் ஒவ்வொரு பொருளுக்கும் வீரரே பொறுப்பாவார். தடை செய்யப்பட்ட பொருள் மாதிரியில் காணப்பட்டாலே விதிமீறல் நிகழ்ந்ததாகக் கொள்ளப்படும். அப்பொருள் எவ்வாறு உடலில் சேர்ந்தது என்பதும், வீரரின் கவனக்குறைவு எந்த அளவினது என்பதும் தண்டனைக் காலத்தை முடிவு செய்யும்போதே கருதப்படும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்த கோமதி மாரிமுத்து, 2019 ஏப்ரலில் தோகாவில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். பின்னர் அவரது மாதிரிகளில் நான்ட்ரோலோன் என்னும் ஸ்டீராய்டின் சிதைபொருள் கண்டறியப்பட்டது. அவருக்கு நான்கு ஆண்டுத் தடை விதிக்கப்பட்டது, பதக்கமும் பறிக்கப்பட்டது. வறிய கிராமப் பின்னணியிலிருந்து உயர்ந்த ஒருவரின் பல்லாண்டு உழைப்பு இவ்வாறு பதிவேட்டிலிருந்து நீங்கியது.

உதவிப் பணியாளரின் பொறுப்பு

பயிற்சியாளர், உடற்பயிற்சி ஆலோசகர், அணி மேலாளர், மருத்துவர், இயன்முறை மருத்துவர், வீரருக்கு உதவும் பெற்றோர் ஆகிய அனைவரும் இவ்விதிகளுக்கு உட்பட்டவர்கள். தடை செய்யப்பட்ட பொருளை உரிய காரணமின்றி வைத்திருத்தல், வீரருக்குக் கொடுத்தல், விற்றல், விதிமீறலை மறைக்க உதவுதல், பரிசோதனையில் குறுக்கிடுதல், தகவல் அளித்தவரை மிரட்டுதல் ஆகியவை தனித்தனிக் குற்றங்கள். மருந்தைக் கொடுத்தவருக்குக் குறைந்தது நான்கு ஆண்டுகள் முதல் ஆயுள் காலம் வரை தடை விதிக்கப்படலாம். 16 வயது நிறைவடையாத வீரர் ஒருவர் விதிமீறலில் சிக்கினால், அவருடைய பயிற்சியாளர் உள்ளிட்டோரும் விசாரிக்கப்படுவர்.

எனினும், பயிற்சியாளரின் தவறு வீரரின் பொறுப்பை நீக்குவதில்லை. 2011-இல் இந்திய ஓட்ட வீராங்கனைகள் ஆறு பேர் ஸ்டீராய்டு பரிசோதனையில் சிக்கினர். பயிற்சியாளர் வாங்கித் தந்த ஜின்செங் சத்துப்பொருளே காரணம் என அவர்கள் வாதிட்டனர். உக்ரைனைச் சேர்ந்த அப்பயிற்சியாளர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். வீராங்கனைகளுக்கு முதலில் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2012-இல் அதனை இரண்டு ஆண்டுகளாக உயர்த்தியது. "பயிற்சியாளர் கொடுத்தார், உண்டேன்" என்பது போதிய விடையாகாது என்பதே இத்தீர்ப்பு உணர்த்தும் பாடம்.

அன்றாட மருந்துகளில் கவனம்

• சில இருமல் மருந்துகளில் உள்ள டெர்பியூட்டலின் எக்காலத்திலும் தடை செய்யப்பட்டதாகும்.
• உடல் எடையைக் குறைப்பதற்காக உட்கொள்ளும் ஃபுரோசெமைடு போன்ற, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் எக்காலத்திலும் தடை செய்யப்பட்டவை. எடைப்பிரிவு உள்ள போட்டிகளில் பங்கேற்போர் இதனைச் சிறப்பாக நினைவில் கொள்ள வேண்டும்.
• மூட்டு வலிக்கும் தசை வலிக்கும் போடப்படும் ஸ்டீராய்டு ஊசிகளும், டிரமடால் என்னும் வலிநிவாரணியும் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டவை.
• 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியே திரவம் ஏற்றுவது தடை செய்யப்பட்ட முறையாகும். மருத்துவமனைச் சிகிச்சை, அறுவைச் சிகிச்சை, நோயறிதல் பரிசோதனை ஆகியவற்றிற்காக முறையாக ஏற்றப்படுவது மட்டுமே இதற்கு விலக்கு. பயணக் களைப்புக்காகச் 'சத்து பாட்டில்' ஏற்றிக்கொள்வது இவ்விலக்கில் அடங்காது.
• சத்துப்பொடிகளிலும் மூலிகைத் தயாரிப்புகளிலும் உறையில் குறிப்பிடப்படாத பொருள்கள் கலந்திருக்கக்கூடும். 'இயற்கையானது' என்னும் சொல் பாதுகாப்புக்கு உறுதியாகாது.

நோயுற்ற வீரர் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டுமா?

தவிர்க்கக் கூடாது. இன்சுலின் தேவைப்படும் நீரிழிவு நோயாளிகள் போன்றோர், உரிய மருத்துவச் சான்றுகளுடன் சிகிச்சைப் பயன்பாட்டு விலக்குக் கோரி விண்ணப்பிக்கலாம். பொதுவாக, போட்டிக்குக் குறைந்தது 30 நாள்களுக்கு முன்னர் விண்ணப்பிக்க வேண்டும். உயிர் காக்கும் அவசரச் சிகிச்சைக்குப் பின்னரும் விண்ணப்பிக்க வழியுண்டு. பாராசிட்டமால் போன்ற பல மருந்துகளுக்குத் தடையே இல்லை. எனவே, பாதுகாப்பான மாற்று மருந்து உள்ளதா என மருத்துவர் முதலில் ஆராய்தல் வேண்டும்.

பரிசோதனையின்போது

முன்னறிவிப்பின்றி, போட்டிக் களத்திலோ பயிற்சி இடத்திலோ வீட்டிலோ மாதிரி கேட்கப்படலாம். மாதிரி தர மறுப்பதும் தப்பிச் செல்வதும் நான்கு ஆண்டுத் தடைக்கு வழிவகுக்கும். பரிசோதகரின் அடையாள அட்டையைப் பார்க்கவும், ஒருவரைத் துணைக்கு அழைக்கவும் வீரருக்கு உரிமையுண்டு. சிறுநீர் 'ஏ', 'பி' என இரு குப்பிகளில் முத்திரையிடப்படும். முந்தைய ஏழு நாள்களில் உட்கொண்ட மருந்துகள், சத்துப்பொருள்கள் அனைத்தையும் படிவத்தில் எழுதுங்கள். 'ஏ' மாதிரியின் முடிவை ஏற்காத வீரர், 'பி' மாதிரியையும் ஆய்வு செய்யுமாறு கோரலாம்.

உடல்நலக் கேடுகள்

தண்டனை முடிந்த பின்னரும் உடல் பாதிப்புத் தொடரலாம். ஸ்டீராய்டுகள் இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கும். ஆண்களில் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். பெண்களில் மாதவிடாயைக் குலைத்துக் குரலைத் தடிக்கச் செய்யும். வளரிளம் பருவத்தினரின் எலும்பு வளர்ச்சியை உரிய காலத்திற்கு முன்னரே நிறுத்திவிடும். எரித்ரோபொய்ட்டின் இரத்தத்தைத் தடிப்பாக்கி, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றிற்கு வழிவகுக்கும்.

மருந்து உட்கொள்ளும் முன்

நீங்கள் விளையாட்டு வீரர் என்பதை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் முதலிலேயே தெரிவியுங்கள். மருந்தின் வணிகப் பெயரை மட்டுமின்றி, அதில் அடங்கிய மூலப்பொருள்களின் பெயர்களையும் நடப்பு ஆண்டுப் பட்டியலுடன் ஒப்பிடுங்கள். தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையின் 'நோ யுவர் மெடிசின்' செயலி இதற்கு உதவும். மருந்துச் சீட்டு, விலைப் பட்டி, மருந்து உறை ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். பெயர் தெரியாத மாத்திரையையோ ஊசியையோ யார் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். ஐயம் தீரும் வரை உட்கொள்ளாதிருங்கள். அவசர நோயெனில் தாமதிக்காமல் அரசு மருத்துவமனையை அணுகுங்கள். பயிற்சியாளர்கள், அணியைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் முன் ஒவ்வொரு வீரரும் உட்கொள்ளும் மருந்துகளைக் கேட்டுப் பதிவு செய்தல் நலம்.