'இட் டிபெண்ட்ஸ்'னு சொல்லிட்டு நிறுத்தாதீங்க!

வைவாவிலும் பிளேஸ்மென்ட் இன்டர்வியூவிலும் நம்மில் பலர் சட்டென்று சொல்லும் பதில், "இட் டிபெண்ட்ஸ்". தமிழில் "பொறுத்தது" என்று மட்டும் சொன்னால் வாக்கியமே நிற்காது, 'எதைப் பொறுத்தது?' என்று உடனே கேட்பார்கள். ஆங்கிலத்தில் இலக்கணப்படி அது முழு வாக்கியம்தான். ஆனா கேட்கிறவருக்கு, "பதில் தெரியல, நழுவப் பாக்குறாங்க" என்றுதான் தோணும்.

"அரே நல்லதா, லிங்க்டு லிஸ்ட் நல்லதா?" என்று கேட்டால், "இட் டிபெண்ட்ஸ் ஆன் த யூசேஜ்" என்று ஆரம்பியுங்கள். ஐம்பதாவது எலிமென்ட்டை நேரடியா எடுக்கணும்னா அரே, முன்பக்கம் அடிக்கடி சேர்க்கணும்னா லிங்க்டு லிஸ்ட் என்று காரணத்தோடு முடியுங்கள். இப்போ அது நழுவல் இல்லை, பொறியாளரின் பதில்.

'தொங்குதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான் 'டிபெண்ட்'. நம்ம ஃபிசிக்ஸ் லேப் பெண்டுலமும் அதே வேர்தான். ஒண்ணு தொங்குதுன்னா, எதைப் பிடிச்சுத் தொங்குதுன்னு சொல்லணும் இல்லையா? அதைச் சொல்லத்தான் 'ஆன்'.

நாம அடிக்கடி தடுமாறும் மூன்று இடங்கள்:

1. "இட் இஸ் டிபெண்ட்ஸ் ஆன்" தவறு. 'டிபெண்ட்ஸ்' என்பதே வினைச்சொல், அதனால 'இஸ்' வேண்டாம். 'இஸ்' போட்டே ஆகணும்னா, "இஸ் டிபெண்டென்ட் ஆன்".

2. எதிர்ப்பதத்தில் 'ஆன்' போய் 'ஆஃப்' வரும். சின்ன வீச்சில் ஆடும் சிம்பிள் பெண்டுலத்தின் அலைவு நேரம் நூலின் நீளத்தைப் பொறுத்தது: "டிபெண்ட்ஸ் ஆன் லெங்த்". குண்டின் நிறையைப் பொறுத்தது இல்லை: "இண்டிபெண்டென்ட் ஆஃப் மாஸ்".

3. "உன்னைப் பொறுத்தது" என்று தமிழில் சொல்வதற்கு ஆங்கிலத்தில் இரண்டு வழி உண்டு. "டீயா, காபியா?" என்று நண்பர் கேட்க, 'உன் இஷ்டம்' என்று சொல்லணும்னா "இட்ஸ் அப் டு யூ". முடிவெடுப்பது அவர். ப்ராஜெக்ட் ரிசல்ட்டே அவர் செய்யும் வேலையில்தான் இருக்குன்னா "இட் டிபெண்ட்ஸ் ஆன் யூ". டீக்கடையில் இதைச் சொன்னா, அந்த டீக்கு அவர்மேல பெரிய பொறுப்பைச் சுமத்தின மாதிரி ஆயிடும்!

அடுத்த மாக் இன்டர்வியூவில் ஒன்று மட்டும் பழகுங்கள்: 'டிபெண்ட்ஸ்' என்று வாய் திறந்தால், 'ஆன்' போட்டு ஒரு காரணமாவது சொல்லாமல் மூடாதீங்க.