உஷார்! ரெண்டு இயர்போனை ஒப்பிடப் போய் காதைப் பறிகொடுக்காதீர்கள்

உங்கள் வீட்டுப் பிள்ளை மேஜைமேல் ரெண்டு இயர்போனைப் பரப்பி வைத்துக்கொண்டு, ஒன்றைக் கழற்றி இன்னொன்றை மாட்டி, மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறானா? ஒன்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய், மற்றது ஏழாயிரம். எதில் சத்தம் நல்லா இருக்கிறது என்று பார்க்கிறானாம். ஊர் சுற்றாமல் வீட்டில் உட்கார்ந்து பாட்டுதானே கேட்கிறான் என்று நிம்மதியாக இருக்கிறீர்களா?

இருக்காதீர்கள். எழுந்து போய் வால்யூம் எத்தனையில் இருக்கிறது என்று பாருங்கள்.

சும்மா பாட்டுக் கேட்பதைவிட, ரெண்டை ஒப்பிட்டுக் கேட்பதில் ஆபத்து அதிகம். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார். எது வாங்கலாம் என்று வீடியோ போடுகிறவர்களிலும் பல பேர் சொல்வதில்லை. வித்தியாசம் தெரியவில்லை என்றால் மனுஷக் கை முதலில் போவது வால்யூம் பட்டனுக்குத்தான். அங்கேதான் வினை ஆரம்பிக்கிறது.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன். பெயர் வேண்டாம், கல்லூரியில் கடைசி வருஷம். கையில் ஏற்கெனவே காதுக்குள் செருகும் மலிவான இன்-இயர் ஒன்று இருந்தது. காசு சேர்த்து நடுத்தர விலையில் புதுசாக ஒன்று வாங்கினான். பார்சல் வந்த ராத்திரியே ஒப்பிட உட்கார்ந்துவிட்டான். புதுசு கொஞ்சம் மெதுவாகக் கேட்கும் ரகம். அதற்காக வால்யூமை ஏற்றினான். பிறகு அதைக் கழற்றிப் பழசை மாட்டினான். வால்யூமைக் குறைக்கவில்லை! பழசோ அதே வால்யூமில் சத்தத்தைத் தூக்கிக் கொடுக்கும் ரகம். காதுக்குள் ஓங்கி அறைந்ததுபோல் இருந்திருக்கிறது.

உடனே கழற்றி எறிந்திருக்க வேண்டாமா? கொஞ்ச நேரத்தில் காது மரத்துப்போய் அந்தச் சத்தம் பழகிவிட்டது. ‘பழசே நல்லா இருக்கே’ என்று தோன்றியிருக்கிறது. கொடுத்த காசு வீணா என்ற பதைப்பில் திரும்பப் புதுசை மாட்டி, அது மந்தமாகத் தெரியவே இன்னும் ஏற்றியிருக்கிறான். திரும்பப் பழசு. திரும்பப் புதுசு. நடுராத்திரி தாண்டியும் இதே வேலை.

காலையில் இடது காதில் ‘ஙொய்’ என்று ஒரு சத்தம். ஃபேனில்தான் ஏதோ கோளாறு என்று அதை நிறுத்திப் பார்த்தானாம். ஃபேன் நின்றது, சத்தம் நிற்கவில்லை.

அம்மாவிடம் சொன்னால் திட்டு விழும் என்று சொல்லாமலே நாளைக் கடத்தினான். இ.என்.டி. டாக்டரிடம் போனபோது கேட்கும் திறனைப் பரிசோதித்தார்கள். பரிசோதனை வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறுகிறது. அதிக சத்தத்தால் கெட்ட காது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். பல வருஷமாகச் சத்தமாகக் கேட்டுக் கேட்டு ஏற்கெனவே பாதி தூரம் போயிருந்தது, அன்றைய ராத்திரி மீதியைச் செய்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ‘ஙொய்’ இன்னும் போகவில்லை. தூங்கும்போது ஏதாவது சின்னச் சத்தம் ஓடினால்தான் அவனுக்குத் தூக்கம் வருகிறது.

மருந்து போட்டால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். உள்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஒரு பகுதி இருக்கிறது. அதற்குள் ஒலியை உணர்வதற்கு மெல்லிய மயிர் முளைத்த செல்கள், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. அவ்வளவுதான். பிறக்கும்போது கிடைத்த அந்தக் கணக்கோடு கடைசிவரை ஓட்டவேண்டும். செத்த செல் மனிதருக்குத் திரும்ப முளைக்காது. காது கேட்கும் கருவி வைக்கலாம், ஆனால் போன செல்லை எந்தக் கருவியும் கொண்டுவராது.

சரி, ஒப்பிடும்போது நாம் ஏன் ஏமாறுகிறோம்? சத்தம் கூடினாலே நமக்கு ‘நல்ல சத்தம்’ என்று தோன்றும். அதற்கான ஒரு காரணத்தை 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அளந்து காட்டினார்கள். சத்தம் குறைவாக இருக்கையில் நம் காதுக்கு அடித்தொனி சரியாக எட்டாது. ஏற்ற ஏற்ற அதுவும் எழுந்து வரும், பாட்டு நிறைவாகத் தெரியும். ரெண்டு இயர்போனில் ஒன்று கொஞ்சூண்டு, ஒரே ஒரு டெசிபல் தூக்கலாக இருந்தால் போதும், அது சத்தமாக இருக்கிறது என்றே தெரியாது. ‘தெளிவு’, ‘பஞ்ச்’ என்று அதற்கே மார்க் போட்டுவிடுவோம்.

அட்டைப்பெட்டியைப் பார்த்து வாங்குகிறவர்களும் கவனியுங்கள். ‘சென்சிட்டிவிட்டி’ என்று ஒரு எண் இருக்கும். அதே போன், அதே வால்யூம் என்றாலும் அந்த எண்ணைப் பொறுத்துக் காதில் விழும் சத்தம் வேறு. ஆனால் சில கம்பெனி அதை ஒரு மில்லிவாட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறது, சில கம்பெனி ஒரு வோல்ட்டுக்கு இவ்வளவு என்று போடுகிறது. 16 ஓம் இயர்போனில் இந்த ரெண்டு கணக்குக்கும் இடையில் 18 டெசிபல் வித்தியாசம்! ஒன்றில் 104, மற்றதில் 122 என்று இருந்தால் ரெண்டாவதுதான் சத்தமானது என்று நினைப்பீர்கள். ரெண்டும் ஒன்றாகவே இருக்கலாம். எண்ணுக்குப் பின்னால் என்ன அலகு போட்டிருக்கிறது என்று படிக்காமல் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

டெசிபல் கணக்கில் 3 கூடினால் காதுக்குள் போகும் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்கு. 12 கூடினால் பதினாறு மடங்கு. உலக சுகாதார நிறுவனம் கேட்கும் நேரத்துக்குப் போட்டிருக்கும் வரம்பைப் பாருங்கள். 80 டெசிபல் என்றால் 40 மணி நேரம். 90 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் வெறும் 20 நிமிடம். ஒரு நாளைக்கு இல்லை, ஒரு வாரத்துக்கு! அந்தப் பையன் அன்று ஒரே ராத்திரியில் எத்தனை வாரத்துக் கணக்கைத் தீர்த்தான் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. 12 முதல் 35 வயது வரையிலானவர்களில் நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிக் காது போகும் ஆபத்து இருப்பதாக அதே நிறுவனம் சொல்கிறது. உங்கள் பிள்ளையின் வயது அதற்குள்தானே இருக்கிறது?

போனே எச்சரிக்கிறது. வால்யூமை ஏற்றும்போது ‘அதிக சத்தம் காதைப் பாதிக்கலாம்’ என்று ஒரு பெட்டி வருமே, அதைப் படிக்காமலே ‘ஓகே’ அழுத்துகிறோம். தயவுசெய்து இனிமேல் அழுத்தாதீர்கள்.

இவ்வளவு ஆபத்துக்கும் பிறகு அந்த ஒப்பீட்டில் கிடைப்பதாவது பெரிசா? அதுவும் இல்லை. விலை கூடக்கூடச் சத்தத்தின் தரமும் உயரும் என்ற நம்பிக்கை தப்பு. 2017-இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களை அளந்து, அவற்றின் ஒலி அமைப்புக்கும் விற்கும் விலைக்கும் சம்பந்தமே தெரியவில்லை என்று எழுதினார். அவர் அளந்தவற்றில் காதுக்குள் வைப்பதும் உண்டு. மூன்ட்ராப் என்ற சீனக் கம்பெனியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021-இல் சுமார் 80 டாலர் விலையில் ‘ஆரியா’ வந்தது. அடுத்த வருஷம் சுமார் 20 டாலரில் ‘சூ’ வந்தது. குரல் வரும் இடத்தில் ரெண்டுக்கும் ஒரே சாயல். ஆரியாவில் ஒயரைக் கழற்றி மாற்றலாம், முதலில் வந்த சூவில் முடியாது. ஒயர் அறுந்தால் மொத்தமும் குப்பை. கூடுதல் காசில் ஒரு பகுதி இந்த மாதிரி விஷயங்களுக்குப் போகிறது. காசைப் போடுவது உங்கள் இஷ்டம். வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடித்தே தீருவேன் என்று வால்யூமோடு மல்லுக்கட்டாதீர்கள்.

மலிவானதில் நிஜமாகவே மோசமானவையும் உண்டு. இவைதான் வால்யூமை ஏற்ற வைக்கும் வில்லன்கள். பாஸ் என்னும் அடித்தொனியையும் மேல் தொனியையும் ஊதிவிட்டு நடுவில் குரலை அமுக்கியிருப்பார்கள். கேட்ட மாத்திரத்தில் அசத்தும். பாடுகிறவரின் வார்த்தை கேட்கவில்லையே என்று நீங்கள் ஏற்றுவீர்கள். குரலுக்காக ஏற்றும்போது பாஸும் கூர்மையான மேல் தொனியும் சேர்ந்தே ஏறும், காதை முழுசாகத் தாக்கும். இதைக் கண்டுபிடிக்கச் சத்தமே வேண்டாம். ஒரு கர்நாடகக் கச்சேரிப் பதிவை மெதுவாக வையுங்கள். மிருதங்கத்தின் தொப்பி ‘தொம்’ என்று வந்து உடனே அடங்குகிறதா, இல்லை பாட்டின்மேல் பரவிக் கிடக்கிறதா? வலந்தலையின் ‘நம்’ தனியாகக் காதில் விழுகிறதா? பாடுகிற அம்மா ‘ச’, ‘ஷ’ சொல்லும்போது ஊசிபோல் குத்துகிறதா? தொப்பி பரவி, ‘ஷ’ குத்தினால் அந்த இயர்போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஐந்து நிமிடப் பரிசோதனை, அதுவும் மெதுவான வால்யூமில்.

இன்னொன்றையும் பாருங்கள். இயர்போனின் நுனியில், ரப்பர் முனையைக் கழற்றினால் குட்டியாக ஒரு வலை இருக்கும். போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். பாதி வலை மஞ்சளாக அடைத்திருந்தால் அது காது அழுக்கு. அந்தப் பக்கம் சத்தம் குறையும். நீங்கள் ஏற்றுவீர்கள். அடைப்பில்லாத மறுபக்கக் காது அத்தனையும் வாங்கும்! பழசு மந்தம், புதுசு பிரமாதம் என்று தீர்ப்பு எழுதும் பல பேரின் பழசில் இந்த அழுக்குதான் இருக்கிறது. ரப்பர் முனையின் அளவு பொருந்தாவிட்டாலும் இதே கதை. இடைவெளி வழியாக பாஸ் ஓடிப்போகும், கை வால்யூமுக்குப் போகும், பிறகு ஒருமுறை சரியாக அழுத்தி வைத்ததும் உள்ளே இடி விழும். கடையில் பத்துப் பேர் மாட்டிப் பார்த்த முனையை உங்கள் காதுக்குள் விடாதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். சீழும் பூஞ்சையும் அப்படித்தான் ஒட்டும்.

இந்த அறிகுறிகள் இருந்தால் உஷார்!

இயர்போனைக் கழற்றிய பிறகு காதில் ‘ஙொய்’, ‘கீ’ என்று ஏதாவது கேட்கிறதா? சில நிமிடத்தில் அடங்கினாலும் அது அபாய மணி.

பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறதா? காலையில் எழுந்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். காது சரியானதுபோல் தெரியும், உள்ளே சேதம் மிச்சமிருக்கலாம்.

போன மாதம் போதுமாக இருந்த வால்யூம் இப்போது போதவில்லையா?

நாலு பேர் பேசும் இடத்தில் ‘என்ன, என்ன’ என்று கேட்கிறானா? ‘ச’, ‘த’, ‘க’ மாறிக் கேட்கிறதா? கூப்பிட்டால் திரும்பாத பிள்ளையைத் திமிர் என்று திட்டுவதற்கு முன்னால் காதைச் சோதியுங்கள்.

பக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டுக் கேட்கவில்லை, அதனால் பத்திரம் என்று நம்பாதீர்கள்! பழைய காலத்து ஹெட்ஃபோனுக்குச் சரி. இன்-இயர் காதை மூடிக்கொள்ளும், உள்ளே இடிந்தாலும் வெளியே கசியாது. அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் தெரியாது. அதுதான் என் பெரிய பயம்.

பாடகி அல்கா யாக்னிக் 2024 ஜூனில் தன் காது கேட்கும் நரம்பு பாதிக்கப்பட்டதை வெளியில் சொன்னார். அவருக்கு வந்தது வைரஸால் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் அந்தக் குறிப்பிலேயே, பெரிய சத்தத்திலும் ஹெட்ஃபோனிலும் ஜாக்கிரதையாக இருங்கள் என்று ரசிகர்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் எழுதினார். வாழ்நாள் முழுக்க ஹெட்ஃபோனோடு நின்று பாடியவர் சொல்லியதைக் கேளுங்கள்.

ஒப்பிட்டே ஆகவேண்டுமா? அப்படியானால் ஒவ்வொரு முறை மாற்றும்போதும் முதலில் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். பிறகுதான் மாட்டுங்கள். கீழிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். பேச்சுக் குரல் சாதாரணமாகக் கேட்கும் இடத்தில் நிறுத்தி, ஒவ்வொரு இயர்போனுக்கும் அது எத்தனாவது படி என்று குறித்துக்கொள்ளுங்கள். இது துல்லியமில்லைதான், ஆனால் ஒரே வால்யூமில் ரெண்டையும் மாட்டுவதைவிட எவ்வளவோ மேல். ப்ளூடூத் என்றால் இன்னும் கவனம் வேண்டும், இணையும்போது வால்யூம் தானாக மாறிக்கொள்ளலாம். பஸ்ஸிலோ ரயிலிலோ ஒப்பிடவே வேண்டாம், வெளிச்சத்தத்தை ஜெயிக்கத்தான் வால்யூம் ஏறும். பத்து நிமிடம் கேட்டால் கொஞ்ச நேரம் இயர்போனைக் கழற்றி வையுங்கள். ஐபோனில் டெசிபல் காட்டுகிறதே என்றால், வேறு கம்பெனி ஒயர் இயர்போனுக்கு அந்த எண் உத்தேசக் கணக்குதான், அதை நம்பி எல்லையில் நிற்காதீர்கள்.

ஒரு காது திடீரென்று மந்தமானாலோ, ‘ஙொய்’ நிற்காமல் போனாலோ அன்றைக்கே இ.என்.டி. டாக்டரிடம் ஓடுங்கள். திடீரென்று போகும் காதுக்கு ஸ்டீராய்டு சிகிச்சை உண்டு, அதை எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறார்களோ அவ்வளவு நல்லது. எண்ணெய் காய்ச்சி ஊற்றாதீர்கள், பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள். என்ன இயர்போன், எத்தனை மணி நேரம், எவ்வளவு வால்யூம் என்று பிள்ளையையே டாக்டரிடம் சொல்லவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அப்போது மட்டும் திட்டாதீர்கள், பயத்தில் பாதியை மறைத்துவிடும்.