தொண்டையில் தைத்த முள்

மழைக்காலம் பிறந்துவிட்டால் வங்கத்துச் சந்தைகளில் இலிஷ் மீனுக்கே முதல் மரியாதை. நம் பக்கத்தில் உள்ளம் என்று வழங்கும் மீன்தான் அது. சுவையில் ஈடற்றது, ஆனால் தசைக்குள் மயிரிழை போன்ற முட்கள் எண்ணற்றவை. பால் மறந்த நாள்முதல் முள் ஆய்ந்து உண்ணும் வங்காளியருக்கே அது சில வேளை தொண்டையில் தைத்துவிடுகிறது. வஞ்சிரத்தின் நடுமுள்ளை மட்டும் நீக்கிப் பழகிய நம்மவரைப் பற்றிக் கேட்பானேன்?

முள் தைத்ததும் பாட்டியார் வெறுஞ்சோற்றை உருட்டி, “மெல்லாமல் விழுங்கு” என்பார். அண்டை வீட்டு வங்காள அம்மையார் சொல்வதும் அதுவே. இவ்வொரு விஷயத்தில் இரு சாராருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை! மெல்லிய முள் சில சமயம் அவ்வாறு இறங்கிவிடுவதும் உண்டு. அதனாலேயே இவ்வழக்கம் நிலைத்திருக்கிறது. ஆயினும் குத்தி நிற்கும் முள்ளை உருண்டை அழுத்துங்கால் அது மேலும் ஆழப் புதையக்கூடும். விரலை விட்டுத் துழாவுவதும் அத்தகையதே.

பெரும்பாலும் முள் தைப்பது டான்சில் சதையிலும் நாவின் அடிப்புறத்திலுந்தான். கண்ணுக்குத் தெரிந்தால் மருத்துவர் இடுக்கியால் நொடியில் எடுத்துவிடுவார். சற்றுக் கீழே எனில் மூக்கு வழியாக மெல்லிய குழாய்க் கருவியைச் செலுத்திப் பார்ப்பர். உணவுக்குழாயில் தைத்திருப்பின் எண்டாஸ்கோப் வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றதும் நிம்மதியாக வீடு திரும்புவோர் பலர். மீன் முட்கள் எல்லாம் அப்படத்தில் புலப்படுவதில்லை என்பதை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறோம், சி.டி. ஸ்கேன் அதனினும் நன்கு காட்டும். முள் போன பின்னும் கீறிய இடத்தில் ஓரிரு நாள் உறுத்தல் இருப்பது இயல்பே. ஆனால் விழுங்குந்தோறும் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினாலும், நாளுக்கு நாள் வலி மிகுந்தாலும், முள் அங்கேயே உள்ளது எனக் கொள்வதே நலம். காய்ச்சல், கழுத்து வீக்கம், நெஞ்சு வலி, எச்சிலும் விழுங்க இயலாமை, இரத்த வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் இரவென்றும் பாராமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு விரைய வேண்டும். உணவுக்குழாயைத் துளைத்த முள்ளினால் மார்பினுள் சீழ் பரவுமாயின் உயிருக்கே ஆபத்து. மயக்க மருந்து தர நேரிடலாமாதலால் போகுமுன் எதையும் உண்ணலாகாது.

மீன் உண்ணாத இல்லத்தாரும் அசட்டையாயிருத்தல் கூடாது. பென்சிலை வாயில் கவ்வியபடி ஓடும் குழந்தைகள் எந்த வீட்டில் இல்லை? விழுந்து, பென்சில் அண்ணத்தில் குத்தி நின்றால் அதைப் பிடுங்க வேண்டாம். அசையாமல் பிடித்தவாறே கொண்டு செல்லுங்கள். மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் பெருங்குழாய் அதன் அருகிலேயே இருக்கிறது. பென்சில் தானே வெளிவந்து, காயம் சிறிதாகத் தோன்றினும், மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

வங்க மொழி அறியாத நம் பெண்மணிகள் ஆஸ்பத்திரியில், “கொலாய் காண்ட்டா பிந்தேச்சே” என்றால் போதும். தொண்டையில் முள் தைத்திருக்கிறது என்பது பொருள். எந்த மீன், எப்போது உண்டது என்பதையும் சொல்லி, குத்தும் இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்.