அலாய் வீல் வாங்கும் முன் எக்செலில் ஒரு கணக்கு

ஆடிப்பூரத் தேர் பார்க்க ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மச்சானின் காரில் போயிருந்தேன். ஒரு காலத்தில் மரச் சக்கரங்களில் ஓடிய ஆண்டாள் கோயில் தேர், இப்போது இரும்புச் சக்கரங்களிலும் ஹைட்ராலிக் பிரேக்கிலும் ஓடுகிறது. அதைப் பார்த்த மச்சான், "நம்ம காருக்கும் சக்கரத்தை மாத்தப் போறேன் மாப்ளே. 15 இஞ்ச் அலாய், 205/65 டயர். அட்வான்ஸ் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி" என்றார். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரை ஆன் செய்தேன். அந்தக் கணக்கை நீங்களும் போடலாம்.

முதலில் டயரின் பக்கவாட்டில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மச்சானின் காரில் 165/80 ஆர் 14. இதில் 165 என்பது டயரின் அகலம் (மி.மீ.). பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 சதவீதம். 'ஆர்' என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் விட்டம் (அங்குலம்).

எக்செலைத் திறந்து ஒரே வரிசையில் அடுத்தடுத்த செல்களில் 165, 80, 14 என டைப் செய்யுங்கள். நான்காவது செல்லில் இந்த ஃபார்முலாவை அமையுங்கள்:

= 2 * அகலம் * சதவீதம் / 100 + ரிம் * 25.4

அகலம், சதவீதம், ரிம் என்று வரும் இடங்களில் வார்த்தையை டைப் செய்யாமல், அந்த எண் உள்ள செல்லை மவுஸால் கிளிக் செய்யுங்கள். என்டர் தட்டினால் 619.6 என வரும். இதுதான் சக்கரத்தின் மொத்த விட்டம், மி.மீ. அளவில். எக்செல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க்கில் இதையே செய்யலாம்.

அடுத்த வரிசையில் 205, 65, 15 கொடுங்கள். விடை செல்லின் வலது கீழ் மூலையில் உள்ள சிறு சதுரத்தைப் பிடித்து ஒரு வரிசை கீழே இழுங்கள். 647.5 வருகிறதா? பழைய சக்கரத்தைவிட 4.5 சதவீதம் பெரிது. ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது, இந்தக் கணக்குப்படி கார் 83.6 கி.மீ. வேகத்தில் போகும். அக்காவும் பிள்ளைகளும் ஏறி வண்டி தாழ்ந்தால், பள்ளத்தில் டயர் உரசவும் கூடும்.

இப்போது 185, 65, 15 போட்டுப் பாருங்கள். 621.5. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை. அதே 15 அங்குல ரிம்தான், டயர் மட்டும் வேறு. வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

எக்செல் சொல்லாத விஷயங்களும் உண்டு. போல்ட் வட்டத்தின் அளவு (4 × 100 என்றால் 4 போல்ட், 100 மி.மீ. வட்டம்), ரிம் உள்ளே வெளியே தள்ளி உட்காரும் ஆஃப்செட், தாங்கும் எடை ஆகியவற்றை சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவித்துவிடுங்கள்.

மச்சான் 185/65-க்கே அட்வான்ஸ் கொடுத்தார். ஃபைலை சேவ் செய்து வையுங்கள். அடுத்த முறை எண்களை மட்டும் மாற்றினால் போதும்.